அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் குற்றமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் எனக்கு. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியனாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் அதிகாரி விடுப்பில் இருந்தபோது ஒரு கோப்பை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். எந்தெந்த எண்களை ஒட்டுக்கேட்க வேண்டும் என்று அரசு அனுப்பிய உத்தரவு அது. அதில் ஒரு எண் எனக்கு மனப்பாடம். என் பெரியப்பா மகனுடையது. பைபர் படகு வைத்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். என்ன விவகாரம் என்று அந்தத் தாளில் இல்லை. ஆனால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது என் காதிலும் விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். "போன்ல பாத்துப் பேசுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது குற்றமா? அவரிடம் நேரே சொல்லாமல் மதினியிடம் சொல்லலாமா? அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை, பயப்படாதே என்கிறான் கூட வேலை பார்க்கும் நண்பன். சொல்லாமல் இருந்து, நாளை அவரைப் பிடித்துவிட்டால், முன்பே தெரிந்திருந்தது என்று என்மீதும் வழக்கு வருமா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தம்பி, சொல்லாதீர்கள். அண்ணனிடமும் வேண்டாம், மதினியிடமும் வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக இதை எழுதி அனுப்பினேன். மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவு அதிகபட்சம் எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியுமோ அதைத் தாண்டிய பிறகுதான் இங்கே வருகிறது. ஊர், தொழில், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் பத்திரிகைப் பக்கமே யாருக்காவது போய்ச் சேரும் தாக்கல், அதாவது துப்பு, ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இத்தனை எச்சரிக்கை.

முதலில் உங்கள் தவிப்பைப் பற்றிப் பேசுகிறேன். கடலில் எச்சரிக்கை சொல்வது உயிர் விஷயம். கச்சான் காற்று பலக்கிறது என்றோ, இலங்கைக் கடற்படை ரோந்து மணல்திட்டுப் பக்கம் நிற்கிறது என்றோ தெரிந்துவிட்டால், வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டு எல்லாப் படகுக்கும் சொல்வார்கள். பகையாளியின் படகாக இருந்தாலும் சொல்வார்கள். சொல்லாமல் விட்டவனை ஊர் லேசில் மன்னிக்காது. நீங்கள் அந்தக் கரையில் வளர்ந்தவர். படிக்க வைத்தவர் எதிரே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சோற்றில் கை வைப்பது துரோகம் மாதிரிதான் தோன்றும். ஆனால் காற்றைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. இந்தத் தாக்கல் அப்படிப்பட்டதா? அந்தத் தாளில் இருந்த மற்ற எண்கள் யாருடையவை, எந்தக் கரையில் எது இறங்குகிறது, அது யார் வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் போன அதே வழியில் இன்று கஞ்சாவும் போகிறது. அங்கிருந்து தங்கம் வருகிறது. உங்கள் அண்ணன் இதில் எதிலும் இல்லாமலும் இருக்கலாம். அதுவும் உங்களுக்குத் தெரியாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். உங்கள் நண்பன் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆவது தலைப்பில் 2232ஆவது பிரிவு இதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. கூட்டாட்சி அதிகாரி ஒருவர் ஒட்டுக்கேட்க அனுமதி பெற்றிருக்கிறார் என்றோ, அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார் என்றோ தெரிந்துகொண்டு, அதைத் தடுக்கும் நோக்கத்தோடு, ஒட்டுக்கேட்பு நடக்கக்கூடும் என்று எவருக்காவது தெரிவித்தால், அல்லது தெரிவிக்க முயன்றால், 5 ஆண்டு வரை சிறை. வார்த்தைகளைக் கவனியுங்கள். நீதிமன்றம் அனுமதி கொடுத்திருக்கக்கூட வேண்டாம், விண்ணப்பமே போதும். தகவல் போய்ச் சேரவேண்டும் என்பதில்லை, முயற்சியே போதும். "எவருக்காவது" என்று இருப்பதால் மதினி வழியாகச் சொன்னாலும் அதே குற்றம்தான்.

இந்தப் பிரிவு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. அமெரிக்கா எதிர் அகிலார், தீர்ப்பு 1995இல். குற்றம் சாட்டப்பட்டவர் யார் தெரியுமா? கலிபோர்னியாவில் பதவியில் இருந்த ஒரு கூட்டாட்சி நீதிபதி. அவருக்குத் திருமண வழியில் தூரத்து உறவான ஒருவரின் பெயர் ஓர் ஒட்டுக்கேட்பில் அடிபட்டது. தலைமை நீதிபதி இவரைக் கூப்பிட்டு, அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று நல்லெண்ணத்தில் எச்சரித்தார். மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் அந்த உறவினர் வீட்டுக்கு வந்திருந்தபோது யாரோ வெளியே நின்று நோட்டம் விடுவதை நீதிபதி பார்த்தார். உடனே தன் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவரிடம், அவர் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறது, சொல்லிவிடு என்றார். நேரே சொல்லவில்லை. உங்கள் மதினி யோசனை மாதிரியேதான்.

இதில் இன்னொரு விசேஷம். அந்த ஒட்டுக்கேட்பின் காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. நீதிபதி அது இன்னும் நடக்கிறது என்று தவறாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். நடக்காத ஒட்டுக்கேட்பை நான் எப்படித் தடுத்திருக்க முடியும் என்று வாதாடினார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தடுக்கும் எண்ணத்தோடு சொன்னாரா என்பதுதான் கேள்வி, அந்த நேரம் ஒட்டுக்கேட்பு உயிரோடு இருந்ததா என்பது அல்ல என்றது. பேச்சுரிமை என்ற வாதமும் நிற்கவில்லை. ரகசியம் காக்க வேண்டிய பதவியை விரும்பி ஏற்றவருக்கு, தெருவில் போகிறவரைவிடக் கூடுதல் கடமை உண்டு என்றார்கள். வழக்கு அதற்குப் பிறகும் கீழே நீண்டது. அது இங்கே வேண்டாம். உறவுக்காக ஒரு வார்த்தை சொல்லப் போய் ஒரு நீதிபதி ஆண்டுக்கணக்கில் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் அலைய வேண்டி வந்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பிரிட்டனிலும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான். தொலைபேசி நிறுவன ஊழியர், இப்படி ஓர் ஆணை இருக்கிறது என்று வெளியே சொன்னாலே 5 ஆண்டு வரை சிறை.

இனி நம் நாடு. இங்கே ஒட்டுக்கேட்க நீதிமன்றத்திடம் போவதில்லை. மத்திய அரசில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர், இவர்கள் போடும் உத்தரவுதான். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5(2) என்று நாங்கள் நீதிமன்றத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 20(2) இருக்கிறது. அதற்கான விதிகள் 2024 டிசம்பரில் வந்தன. ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரம் என்று காவல்துறை உயரதிகாரியே உத்தரவு போட்டால், 7 வேலை நாட்களுக்குள் செயலர் உறுதிசெய்தாக வேண்டும். மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு இவற்றைப் பார்க்க வேண்டும். இந்த வேலி எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் போட்ட வேலி இது.

இந்த விதிகளில் உங்களை நேராகத் தொடுவது ஒன்று உண்டு. நிறுவனத்தில் இந்த உத்தரவுகளைக் கையாள என்றே பொறுப்பு அதிகாரிகளை நியமித்திருக்க வேண்டும். மிகுந்த ரகசியம் காக்க வேண்டும். ஊழியர் செய்யும் தவறுக்கும் நிறுவனமே பொறுப்பு. அப்படியிருக்க அந்தக் கோப்பு ஓர் ஒப்பந்த ஊழியரின் மேசைக்கு வந்ததே தவறு. அந்தத் தவறு உங்களுடையது அல்ல. ஆனால் அதைப் பார்த்த பிறகு நீங்கள் செய்யப்போவது உங்கள் கணக்கில் எழுதப்படும்.

அப்படியானால் நண்பன் சொன்ன மற்றப் பாதி? ஒட்டுக்கேட்பு விஷயத்தை வெளியே சொல்பவர் எவராக இருந்தாலும் குற்றம் என்று அமெரிக்காவில் உள்ளது மாதிரி ஒரே பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இல்லை என்பதால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 249ஆவது பிரிவைப் பாருங்கள். குற்றம் செய்தவர் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ, தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தில் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். அடைக்கலம் என்றால் வீட்டில் ஒளித்துவைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு 2(13) கொடுக்கும் பொருள் பெரியது. சோறு, பணம், வாகனம் என்று அடுக்கிவிட்டு, பிடிபடாமல் தப்ப "எந்த வகையில்" உதவினாலும் அடைக்கலம் என்கிறது. ஒரு வார்த்தையும் ஒரு வகைதான். இதில் கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ செய்தால் விலக்கு உண்டு. தம்பிக்கு இல்லை.

நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் போனைக் கடலில் வீசினால் என்ன ஆகும்? அது 238ஆவது பிரிவு, சாட்சியத்தை மறைத்தல். தூண்டியவர் என்று உங்கள் பெயர் வரும். அவர் வேறு எண்ணில் அதே தொழிலைத் தொடர்ந்தால், உடந்தை, கூட்டுச்சதி என்று போகும். விவகாரம் கஞ்சாவாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27ஏ, கடத்தலில் ஈடுபட்டவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல் என்கிறது. வெறும் எச்சரிக்கைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நான் உங்களுக்காக வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை ஜாமீன் கிடைக்காமல் சிறைக்குள் இருந்தபடி நீங்கள் கேட்க வேண்டிவரும். அந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவு ஜாமீனை அவ்வளவு கடினமாக்கி வைத்திருக்கிறது.

"யாருக்குத் தெரியப் போகிறது?" என்று ஒரு நினைப்பு இருக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் காதில் விழுந்த விஷயத்தை ஒரு பையன் மாமாவிடம் சொல்ல நினைத்தான். எந்த எண் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் பதற்றத்தில் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டான். "மாமா, இந்தப் போன்ல பேசாதீக" என்றான். அந்த ஆறேழு விநாடிப் பேச்சு அப்படியே பதிவாகிவிட்டது. அவன் குற்றத்துக்கு அவன் குரலே சாட்சி. சரி, நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், நேரில் சொல்வீர்கள். அவர் அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பாரா? கூட்டாளியை எச்சரிக்க ஒரு வாய்ஸ் மெசேஜ் போடமாட்டாரா? பிடிபட்டவர்களின் போன்கள் எல்லாம் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போகும். "தம்பி ஆபீஸ்ல பாத்துட்டுச் சொன்னான்" என்ற ஒரு வரி போதும். அப்போது படிக்க வைத்தவர் கண்ணெதிரே, படித்தவனும் உள்ளே போவான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வழக்கு வருவது வேறு, இரண்டு பிள்ளைகள்மேல் வருவது வேறு. அந்தப் பையனின் அம்மா நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவு சொல்வதால் அரசு ஒட்டுக்கேட்பதெல்லாம் சரி என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்சப் புகாரில் 2011இல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், சாதாரணக் குற்றத்தைத் துப்பறியும் வசதிக்காகப் போனில் காது வைக்க முடியாது என்றது. உங்கள் அண்ணன்மீது நாளை ஒரு வழக்கு வந்தால், அந்த உத்தரவு முறையாகப் போடப்பட்டதா, மறுஆய்வுக் குழுவின் முன் போனதா என்று அவருடைய வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கேட்க வேண்டும். அது அவருடைய உரிமை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ரகசியத்தை உடைத்தால் 5 ஆண்டு என்று சொன்னேனே, அங்கே அந்த ரகசியத்துக்கு ஒரு முடிவும் வைத்திருக்கிறார்கள். நீதிமன்றம் ஒரு தடவைக்கு 30 நாள்தான் அனுமதி கொடுக்கும். முடிந்த பிறகு, சாதாரணமாக 90 நாட்களுக்குள், ஆணையில் பெயர் உள்ளவருக்கு உங்கள் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது என்று அறிவிப்பு போக வேண்டும். காரணம் காட்டி நீதிபதியிடம் தள்ளிவைக்கக் கேட்கலாம், அவ்வளவுதான். இங்கே அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. வழக்கு வந்தால் தெரியும். வராவிட்டால் ஒரு நிரபராதி தன் வீட்டுப் பேச்சை ஆறு மாதம் யாரோ கேட்டார்கள் என்று தெரியாமலே செத்துப்போவார். புலனாய்வு நடக்கும்போது ரகசியம் வேண்டும். முடிந்த பிறகு எதற்கு? இதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம், நாடாளுமன்றம், உயர் நீதிமன்றம். உங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அதைச் சரிசெய்ய முடியாது.

நீங்கள் கேட்ட இன்னொன்று. சும்மா இருந்ததற்காக உங்கள்மேல் வழக்கு வருமா? வராது. உங்களுக்குத் தெரிந்தது ஓர் எண் ஒரு தாளில் இருக்கிறது என்பது மட்டும். அது குற்றம் நடந்ததற்கான அறிவு ஆகாது. கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்கள் நடந்தது தெரிந்தால் பொதுமக்கள் தகவல் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆவது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. ஊர் வாயில் அடிபடும் வதந்தியைக் கொண்டுபோய்க் கொடு என்று அது கேட்கவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் உங்களை யாரும் சொல்லவில்லை. மௌனமாக இருங்கள். உங்கள் நிலையில் சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே உறுத்துகிறது. கூட வேலை பார்க்கும் நண்பனிடம் எவ்வளவு சொன்னீர்கள்? எண்ணைச் சொன்னீர்களா, உறவைச் சொன்னீர்களா? பொதுவாகக் கேட்டதோடு விட்டிருந்தால் நல்லது. அதற்கு மேல் சொல்லியிருந்தால், இனி அவனிடம் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். சொன்னதை மாற்றிச் சொல்லவோ, மெசேஜை அழிக்கவோ முயலாதீர்கள். அழிப்பது தனி வில்லங்கம். அப்புறம், அந்தத் தாளைப் போனில் படம் எடுத்திருந்தால் அதையும் நீங்களாக எதுவும் செய்யாமல், முதலில் ஒரு வக்கீலை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். வக்கீலிடம் ஆலோசனைக்காகச் சொல்வதைச் சாட்சிய அதினியத்தின் 132ஆவது பிரிவு காக்கிறது. செய்யப்போகும் தவறுக்கு உதவி கேட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பத்திரிகைக்கு எழுதும் கடிதத்துக்கு அது கிடையாது. அடுத்த தடவை நேரில் வாருங்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பொறுப்பு அதிகாரியிடம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு ஒதுக்கப்படாத ஒரு கோப்பு இன்ன தேதியில் என் கைக்கு வந்தது, அதில் எனக்கு வேண்டியவர் ஒருவரின் விவரம் இருந்தது, இந்த வகை வேலையில் என்னை ஈடுபடுத்த வேண்டாம் என்று. எந்த எண் என்று எழுத வேண்டியதில்லை, அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கி நகலைப் பத்திரமாக வையுங்கள். வேலை போய்விடுமோ என்று தயக்கம் வரும். போனாலும் வேறு வேலை தேடலாம். பிற்காலத்தில் யாரோ அந்தத் தகவலை வெளியே விட்டு, சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பினால், அந்தக் காகிதம்தான் உங்களுக்கு அரண்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போங்கள். அண்ணனிடம் வேறு எதுவும் பேசக் கூடாதா என்றால், அந்தக் கோப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பீர்களோ அதைப் பேசலாம். "ஊர்ல ஒரு மாதிரி பேசுறாக, அப்படி எதுவும் வேணாம்ணே" என்று முன்பும் சொல்லிவந்தவர் என்றால் இப்போதும் சொல்லுங்கள். இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லாதவர் என்றால் இந்த ஞாயிறு தொடங்க வேண்டாம். போன், சிம், போலீஸ், சுங்கம் என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அவரே பேச்சை எடுத்து, "உங்க ஆபீஸ்லதான் எல்லாம் தெரியுமாமே" என்று கேட்டால், வேலை விஷயம் வீட்டில் பேசுவதில்லை என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மதினி கேட்டாலும் அதே பதில்.

நாளை மரைன் போலீசோ காவல்துறையின் கியூ பிரிவு உளவுப் போலீசோ சுங்கத்துறையோ உங்களை விசாரணைக்கு அழைத்தால், எழுத்தில் சம்மன் கேளுங்கள், வக்கீலோடு போங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக் கடிதத்தின் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.